கெசட்டின் இரண்டு தடங்கள்: பாட்டு மெஷின் விட்டு மெஷின் போன கதை

பாமன்கடை, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து உறவுகளுக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வாசித்து முடித்துவிடலாம்.

அண்மைக் காலமாகப் பலரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அலுமாரியில் கிடந்த பழைய கெசட்டை எப்படியோ ஓடவிட்டு, ஒரு வயரைக் கொழுவி, லெப்டொப்புக்கோ போனுக்கோ ஏற்றினால் சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்கிறது. மற்றக் காதில் வெறும் மௌனம். கெசட் பழுதா, போன் பழுதா?

பெரும்பாலும் இரண்டுமே பழுதில்லை. வயரின் நுனியில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அது ஒற்றைத் தடத்துக்கானது. இரண்டு இருந்தால் ஸ்டீரியோவுக்கானது. ஸ்டீரியோ துளையில் ஒற்றைத் தடப் பிளக்கைச் செருகினால் வலப்பக்கத்துச் சத்தம் அப்படியே பூமித் தொடுப்புக்குப் போய்விடும். இடம் மட்டும் மிஞ்சும். பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் இப்படி ஆனது, ஒரு மெஷினில் பதிந்த பாட்டு இன்னொரு மெஷினில் முழுசாகத் திறக்க ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால் 60 வருடத்துக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அதில் எங்கள் கொழும்புக்கும் ஒரு பங்கு உண்டு. (இசை கூடுமா கூடாதா என்ற வாதத்தை இந்தப் பதிவின் கீழ் தொடங்கவேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் பேசுவது சத்தத்தைப் பற்றி. பயானும் சத்தம்தான், உம்மாவின் குரலும் சத்தம்தான்.)

பிலிப்ஸ் கம்பனி கெசட்டை 1963இல் வெளியிட்டது. உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர். ஓடும் வேகம் ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். முதலில் வந்தவை ஒற்றைத் தடக் கெசட்டுகள். ஒரு பக்கத்துக்கு ஒரு தடம், அதன் அகலம் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர். பிறகு 1960களின் நடுவில் ஸ்டீரியோவுக்குப் போனபோது ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். அந்த 1.5 மில்லிமீற்றருக்குள்ளேயே இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக 0.6 மில்லிமீற்றர் தடங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் 0.3 மில்லிமீற்றர் வெளி விட்டார்கள்.

இதில் என்ன கெட்டித்தனம் என்று கேட்கலாம். ஒற்றை ஸ்பீக்கர் மட்டுமே உள்ள சின்ன டேப் ரெக்கோடரின் தலை அந்த 1.5 மில்லிமீற்றரையும் ஒன்றாகத்தான் படிக்கும். ஆகவே ஸ்டீரியோக் கெசட்டைப் போட்டாலும் இடமும் வலமும் தானாகக் கலந்து முழுப் பாட்டும் கேட்கும். பழைய ஒற்றைத் தடக் கெசட்டை ஸ்டீரியோ மெஷினில் போட்டாலோ இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும். யாருடைய பெட்டியும் வீணாகவில்லை, யாருடைய கெசட்டும் வீணாகவில்லை.

இது அப்படி ஒன்றும் இயல்பாக நடந்துவிடும் விடயம் அல்ல. அதற்கு முந்திய பெரிய சுருள் நாடாக்களில் நான்கு தடங்கள் இருந்தன. ஒன்றாம், மூன்றாம் தடங்கள் ஒரு திசைக்கு. இரண்டாம், நான்காம் தடங்கள் எதிர்த் திசைக்கு. அதைப் பழைய, அகலமான தலையுள்ள ஒற்றைத் தட மெஷினில் போட்டால் முதல் தடத்தோடு இரண்டாம் தடமும் சேர்ந்து ஒலிக்கும், அதுவும் பின்னாலிருந்து முன்னாக. பாட்டுக்குள் இன்னொரு பாட்டு தலைகீழாக ஓடும். வசதியானவனின் நாடா வசதி குறைந்தவனின் மெஷினில் வெறும் இரைச்சல்.

இந்த இரண்டு வழிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போவது எல்லாம் இவற்றின் கிளைக் கதைகள்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு புறக்கோட்டையில் டேப் ரெக்கோடர்கள் குவிந்தன. வளைகுடாவுக்குப் போனவர்கள் வரும்போது தோளில் தூக்கிக்கொண்டு வந்தவை இன்னும் பெரியவை. இரண்டு ஸ்பீக்கர், இரண்டு கெசட் வாய், மினுக்கும் சிவப்பு லைட். ஆனால் எல்லார் வீட்டிலும் அது இல்லை. வாப்பாமாரின் தலைமாட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான். தமிழில் ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் படப் பாடல்கள் என்று பேசப்படும் 'பிரியா' பாடல்கள் 1978இல் வந்தன. எங்களில் பெரும்பாலோர் அவற்றை இலங்கை வானொலியின் மத்திய அலையில், ஒற்றை ஸ்பீக்கரில்தான் கேட்டோம். அப்படியும் ஒரு சொல், ஒரு வயலின் குறையாமல் கேட்டோம்.

பிறகு ரெக்கோடிங் கடைகள். வெற்று சீ-60ஐயோ சீ-90ஐயோ வாங்கி, கொப்பித் தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்கள் நோன்பு காலத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இப்படித்தான் போயின. கடையில் இருந்தது ஸ்டீரியோ டெக்; கேட்ட வீட்டில் இருந்தது ஒற்றைப் பெட்டி. இடையில் ஒருவரும் எதையும் மாற்றித் தர வேண்டியிருக்கவில்லை. அந்த 0.6 மில்லிமீற்றர் கணக்கின் பயன் இது.

கெசட்டில் போனது பாட்டு மட்டுமல்ல. சவூதியிலும் குவைத்திலும் வேலைக்குப் போன நம்மவர்களுக்குக் கடிதம் எழுத நேரமில்லாதபோது, அல்லது எழுத வராதபோது, கெசட்டில் பேசி அனுப்பினார்கள். இங்கிருந்தும் பேசி அனுப்பினோம். பிள்ளை ஓதிய சூறா, மூத்தம்மாவின் துஆ, பின்னணியில் கோழி கூவுகிற சத்தம், தெருவில் மீன்காரர் போகிற சத்தம், எல்லாம் அதிலே. இதற்குப் பிறகு வருவோம்.

இனிக் கொம்பியூட்டர். இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்: 1980களில் வீட்டுக் கொம்பியூட்டர்களின் கோப்புகள் இருந்ததும் இதே கெசட்டில்தான். டிஸ்க் டிரைவ் மெஷினை விட விலை கூடியதாக இருந்த காலம் அது. 1982இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் உறவினர்களின் பெட்டிகளுக்குள் இருந்து கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. அதை டீவியோடும் டேப் ரெக்கோடரோடும் கொழுவி, கெசட்டை ஓடவிட்டால் காது கிழிகிற கீச்சொலி ஒன்று வரும். அந்தக் கீச்சொலிதான் கோப்பு. ஆகவே கோப்பைப் பிரதி எடுப்பதும் பாட்டைப் பிரதி எடுப்பதும் ஒரே வேலை: இரட்டைக் கெசட் பெட்டியில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு. ஹனிபாவைப் பிரதி எடுத்த அதே பெட்டி விளையாட்டையும் பிரதி எடுத்தது.

சில நேரம் ஏறாது. டேப் ரெக்கோடரின் தலை ஒரு மயிரிழை சரிந்திருந்தால் கீச்சொலியின் உயர்ந்த பகுதி மங்கிவிடும். ஸ்டீரியோப் பெட்டியில் பதிந்ததை ஒற்றைப் பெட்டியில் ஓடவிடும்போது இது இன்னும் மோசம். இரண்டு தடங்களும் ஒரே கணத்தில் வராமல் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் தலைக்குப் பக்கத்து ஆணியைக் கால் திருப்பு திருப்பிச் சரிசெய்வார்கள். பாட்டில் சிறிது மங்கினால் காது மன்னித்துவிடும். கொம்பியூட்டர் மன்னிக்காது.

ஆனால் பெரிய பிரச்சினை அதுவல்ல. ஒவ்வொரு மெஷினும் தனக்கென ஒரு கீச்சொலியைப் பேசியது. 1975 நவம்பரில் அமெரிக்காவில் பைட் சஞ்சிகை கன்சாஸ் சிட்டியில் கூட்டம் ஒன்றைக் கூட்டி, பூச்சியத்துக்கு 1200 ஹேர்ட்ஸ், ஒன்றுக்கு 2400 ஹேர்ட்ஸ் என்று பொது விதி ஒன்றைப் பேசி வைத்தது. வந்த கம்பனிகளில் பல அதை விட்டுவிட்டுத் தத்தம் வழியில் போயின. ஸ்பெக்ட்ரம் கெசட் கொமடோர் 64க்குப் புரியாது. கொமடோருடையது பீபீசீ மைக்ரோவுக்குப் புரியாது.

நெதர்லாந்துக்காரர் ஒரு வழி கண்டார்கள். அங்கே என்.ஓ.எஸ். வானொலியின் 'ஹொபிஸ்கூப்' என்ற நிகழ்ச்சியில், 1980களின் தொடக்கத்தில், பேசிகோட் என்ற பொது முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லா மெஷினுக்கும் பொதுவான பேசிக் மொழிச் சொற்களை மட்டும் வைத்து நிரலை எழுதுவது. அதைப் பொதுவான கீச்சொலியாக மாற்றி வானொலியில் ஒலிபரப்புவது. கேட்பவர்கள் கெசட்டில் பதிந்து, தங்கள் மெஷினுக்கான மொழிபெயர்ப்பு நிரலின் உதவியோடு ஏற்றிக்கொள்வது. வானொலியில் கோப்பு! பீபீசீயும் கிழக்கு ஜேர்மனி வானொலியும்கூட அதைப் பின்பற்றின.

இதற்கு ஒரு விலை இருந்தது. எல்லாரிடமும் உள்ளதை மட்டுமே எழுதலாம் என்றால், ஒருவரிடம் இல்லாதது எல்லாருக்கும் இல்லாமல் போகும். தொடக்கத்துப் பேசிகோட்டில் சத்தம் என்பது ஒரு 'பீப்' மட்டும். 1986இல் வந்த மூன்றாவது பதிப்பில்தான் சுருதி, நீளம், உரப்பு என்ற மூன்றையும் சொல்லி ஒரு ஸ்வரத்தை எழுப்ப முடிந்தது. ஸ்டீரியோவைப் பற்றிப் பேச்சே இல்லை. கெசட் செய்த உபகாரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கெசட், இருப்பவனிடம் இருப்பதைப் பறிக்காமல் இல்லாதவனுக்கும் கொடுத்தது. பேசிகோட் எல்லாரையும் ஒரே பாயில் இருத்தியது, ஆனால் வெறும் பாயில். ஆனாலும் பகிரவே முடியாமல் இருப்பதைவிட அது மேல் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

முஸ்லிம் உலகிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1983இல் ஜப்பானில் எம்.எஸ்.எக்ஸ். என்ற பொது வரையறை அறிவிக்கப்பட்டது: எந்தக் கம்பனி செய்தாலும் உள்ளே ஒரே அமைப்பு, ஒரே ஒலிச் சில்லு. சோனியும் செய்தது, பிலிப்ஸும் செய்தது. குவைத்தின் அல் ஆலமிய்யா கம்பனி அதே வரையறையில் அரபு எழுத்தைச் சேர்த்து 'சக்ர்' கொம்பியூட்டர்களைக் கொண்டுவந்தது. அரபு உலகத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கொம்பியூட்டர் படித்தது அதில்தான். கம்பனி வேறு, நாடு வேறு, எழுத்து வேறு. கெசட்டில் உள்ள சாதாரண நிரல் ஒன்று அங்கும் ஓடும், இங்கும் ஓடும்.

இந்த மெஷின்கள் பாடின என்றால் எப்படிப் பாடின? ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரே ஒரு 'பீப்' குரல். கொமடோர் 64இன் சிட் என்ற சில்லுக்கு மூன்று குரல்கள்; அதன் தனிச் சுவைக்கு இன்றும் உலகமெங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளியே வருவது ஒரே தடம். 1984இல் வந்த அம்ஸ்ட்ராட் சீபீசீ 464இல் கெசட் டெக் மெஷினோடு சேர்ந்தே இருந்தது. பின்னால் ஒரு ஸ்டீரியோத் துளையும் இருந்தது. மூன்று குரல்களில் ஒன்று இடத்தில், ஒன்று வலத்தில், ஒன்று நடுவில். 1985இல் வந்த அமீகாவில் நான்கு குரல்கள்: இரண்டு முழுக்க இடம், இரண்டு முழுக்க வலம். நடுவே கிடையாது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் தலையை இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும்.

ஆகவே ஒரு மெஷினுக்கு எழுதிய மெட்டு அந்த மெஷினோடே கட்டுண்டு கிடந்தது. அதைப் பிரிக்க மூன்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. வட்டிலப்பத்தை வைத்துச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

ஒன்று, செய்முறையை மட்டும் எழுதி அனுப்புவது. 1983இல் வந்த மிடி அப்படித்தான். எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகள் மட்டும் வயரில் போகும்; சத்தம் போகாது. அந்த வருடம் ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டிக் கம்பனிகள் இரண்டின் கீபோர்ட்டுகளை ஒரு வயரால் இணைத்து, ஒன்றை வாசித்து மற்றதைப் பாடவைத்தார்கள். 1988இல் அந்தக் கட்டளைகளைக் கோப்பாகச் சேமிக்கவும் பொது விதி வந்தது. அதில் இடம் வலத்துக்கும் ஓர் எண் உண்டு: 0 என்றால் முழு இடம், 127 என்றால் முழு வலம், 64 நடு. இடம் வலம் தெரியாத மெஷின் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு மிச்சத்தை வாசிக்கும். கெசட்டின் அதே உபகாரம், இன்னொரு உருவத்தில். குறை என்னவென்றால் வட்டிலப்பம் வீட்டுக்கு வீடு வேறு சுவை. செய்முறை ஒன்று, கருப்பட்டி வேறு.

இரண்டாவது, சமைத்ததையே சட்டியோடு அனுப்புவது. அதாவது ஒலியை அப்படியே எண்களாக்குவது. சுவை மாறாது. ஆனால் சட்டி பாரம். சீடீ தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு ஒரு செக்கனுக்கு 176,400 பைட் வேண்டும். 1.44 மெகாபைட் பிளொப்பி ஒன்றில் 8 செக்கன் பாட்டைத்தான் வைக்கலாம். பல்லவிக்கே காணாது.

மூன்றாவது, செய்முறையையும் சரக்குப் பொட்டலத்தையும் ஒன்றாகக் கட்டி அனுப்புவது. 1987இல் ஜேர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமீகாவுக்குச் செய்த சவுண்ட்ட்ரக்கர் இந்த வழி. தபேலாவின் ஒரு தட்டு, ஒரு கம்பியின் ஒரு மீட்டல் என்று சிறுசிறு ஒலித் துண்டுகள். அவற்றை எப்போது வாசிப்பது என்ற பட்டியல். இரண்டும் ஒரே கோப்பில். மொட் கோப்பு என்று இதற்குப் பெயர் விழுந்தது. சிறிய கோப்பு, ஆனால் எங்கே திறந்தாலும் ஏறத்தாழ அதே சுவை. எங்களைக் கேட்டால் அந்தக் காலத்தின் மிக அழகான யோசனை இதுதான்.

அதையும் மற்ற மெஷின்களுக்குக் கொண்டுபோவது லேசாக இருக்கவில்லை. அமீகா தன் பிளொப்பியில் 880 கிலோபைட் எழுதியது. அதே பிளொப்பியில் பீசீ எழுதியது 720. அமீகா எழுதியதைப் பீசீயின் டிரைவ் வாசிக்கவே வாசிக்காது. அமீகாவோ தகுந்த மென்பொருள் இருந்தால் பீசீயின் டிஸ்க்கை வாசித்துவிடும். ஆகவே பீசீக்காரர் கொடுத்த டிஸ்க்கில் அமீகாக்காரர் பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அல்லது இரண்டு மெஷினையும் வயரால் கொழுவி, கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பவேண்டும். கொண்டுபோன பிறகும் பீசீயில் சத்தம் வேண்டும். 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பனி கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை ஒற்றைத் தடம். அமீகாவின் இடமும் வலமும் அங்கே ஒன்றாகக் கலந்தன. ஸ்டீரியோவுக்கு 1991இன் சவுண்ட் பிளாஸ்டர் புரோ வரைக்கும் பொறுத்திருக்கவேண்டியிருந்தது.

கொழும்புக்கும் பங்கு உண்டு என்றோமே, அது கறுவாத்தோட்டப் பக்கம், பானஸ் பிளேஸில். அங்கே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் '2010' நாவலை ஆர்கைவ்ஸ் என்ற கொம்பியூட்டரில், வேர்ட்ஸ்டார் மென்பொருளில் எழுதினார். 1982இல் வெளிவந்த அந்தப் புத்தகம் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்குப் போனது ஒரே ஒரு ஐந்தங்குல டிஸ்க்கில். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையத்தின் ஊடாகச் செய்மதியில் போயின. அந்த நாவல் படமானபோது, இயக்குநர் பீற்றர் ஹையம்ஸ் லொஸ் ஏஞ்சலிஸில், இவர் கொழும்பில். ஊருக்கு ஊர் ஏறத்தாழ அரை நாள் வித்தியாசம், இவர் விழித்திருக்கும்போது அவர் தூங்குவார். இருவரும் கேப்ரோ என்ற ஒரே வகைக் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு, தொலைபேசி வழியே கோப்புகளை அனுப்பினார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து 'தி ஒடிசி ஃபைல்' என்ற புத்தகமாகவும் வந்தது.

ஒரே வகை மெஷின் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஒரே இயங்குதளத்தில் ஓடிய கொம்பியூட்டர்கள்கூட டிஸ்க்கை ஆளுக்கொரு விதமாக எழுதின. கேப்ரோவின் டிஸ்க்கை ஒஸ்போர்ன் அப்படியே வாசிக்காது. இருவரும் ஒரே மெஷின் வாங்கிக்கொள்வது பிரச்சினையைத் தீர்க்கிற வழி அல்ல, பணத்தால் தாண்டிப் போகிற வழி. கிளார்க்கும் ஹையம்ஸும் தாண்டினார்கள். எல்லாருக்கும் அது முடியாது.

கொம்பியூட்டர் பாட்டுக்கும் இதே மனிதருக்கும் தொடர்பு உண்டு. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஐபீஎம் கொம்பியூட்டர் ஒன்றை 'டெய்சி பெல்' என்ற பழைய பாட்டைப் பாடவைத்தார்கள். அங்கே போயிருந்தபோது கிளார்க் அதைக் கேட்டார். '2001' கதையில் ஹால் என்ற கொம்பியூட்டர் நினைவு மங்கி அடங்கும்போது அதே பாட்டைப் பாடுவது அதனால்தான்.

1990களில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவுக்கு ஏறி இறங்கியவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். பீசீ வென்றது, மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போயின. 1995 ஜூலையில் எம்பி3 என்ற பெயர் வந்தது. நான்கு நிமிடப் பாட்டு நாலு மெகாபைட்டுக்குள் அடங்கியது. அப்போதும் மூன்று பிளொப்பி வேண்டும். மூன்றாவது பிளொப்பி பழுதானால் பாட்டே இல்லை. பிறகு சீடீ எழுதும் கடைகள் வந்தன, பழைய ரெக்கோடிங் கடைகளின் பேரப்பிள்ளைகள் மாதிரி.

எம்பி3க்குள் இருக்கும் ஒரு கணக்கை எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் சொல்லலாம். இடம் 8, வலம் 6 என்று வையுங்கள். இரண்டையும் தனித்தனியே எழுதாமல் கூட்டுத்தொகை 14ஐயும் வித்தியாசம் 2ஐயும் எழுதுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 8. கழித்துப் பாதியாக்கினால் 6. பாட்டுகளில் இடமும் வலமும் பெரும்பாலும் ஒன்றைப்போலவே இருப்பதால் வித்தியாசம் சின்ன எண்; அதற்கு இடம் குறைவாகப் போதும். இதே கணக்கில்தான் 1961இல் அமெரிக்காவில் எப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பும் அங்கீகரிக்கப்பட்டது. பழைய ரேடியோ கூட்டுத்தொகையை மட்டும் எடுக்கும், முழுப் பாட்டும் கேட்கும். புதிய ரேடியோ வித்தியாசத்தையும் எடுத்துப் பிரித்துக்கொள்ளும். 1998இல் சூரியனும் சக்தியும் எப்.எம்.மில் வந்தபோது முச்சக்கர வண்டியின் ஒற்றை ஸ்பீக்கரிலும் வீட்டின் இரட்டை ஸ்பீக்கரிலும் அதே நிலையத்தைக் கேட்டோமே, அது இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

இதற்கு எதிர்மாறான கதையும் நம் கையிலேயே இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்களை இன்று திறந்து பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். அந்தக் காலத்து சீடீக்களில் பாட்டுப் பட்டியலைப் பாமினியில் அடித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டு திறக்கிறது, பெயர் திறப்பதில்லை.

இப்போது கெசட் கடிதங்களுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அவைதான்.

எங்கள் பகுதியில் நிறையக் கெசட்டுகள் அழிந்துவிட்டன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழ் அயலவர்களின் வீடுகள் எரிந்தபோது அவர்களின் கெசட்டுகளும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நம்மவர்கள் விரட்டப்பட்டபோது உடுத்த உடுப்போடு, கையில் கொஞ்சக் காசோடு வந்தார்கள். யார் கெசட்டைத் தூக்குவது? மிஞ்சியவை நம் அலுமாரிகளில் இருக்கின்றன. நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது, கொழும்பின் ஈரக்காற்றுக்குச் சொல்லவேண்டியதில்லை. பேசியவர்கள் பலர் வபாத்தாகிவிட்டார்கள்.

ஆகவே மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடிதக் கெசட் ஒற்றைப் பெட்டியில் பதிந்ததுதானே, ஒற்றைத் தடமாக ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அந்தக் குரல் 1.5 மில்லிமீற்றர் முழுவதிலும் பதிந்திருக்கிறது. ஸ்டீரியோ மெஷினில் ஓடவிட்டால் அதே குரல் இரண்டு தனித்தனித் தடங்களாக உங்களுக்குக் கிடைக்கும். நாடாவின் வெளி ஓரம்தான் கூடுதலாகக் கசங்குவதும் உரிவதும். ஓரத் தடத்தில் மூத்தம்மாவின் ஒரு சொல் விழுந்திருந்தால் உள் தடத்தில் அது அப்படியே இருக்கலாம். இரண்டையும் தனியாக வைத்திருந்தால் நல்லதை எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே ஒன்றாகக் கலந்துவிட்டால், அல்லது பிழையான பிளக்கால் ஒரு தடத்தை மட்டும் எடுத்துவிட்டால், பிறகு பிரிக்க வழியில்லை.

செய்யவேண்டியது இது. ஸ்டீரியோ டெக் ஒன்றைத் தேடுங்கள். உறவினர் யாருடைய வீட்டிலாவது வளைகுடாப் பெட்டி இருக்கும். தலையையும் ரப்பர் உருளையையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். இரண்டு வளையப் பிளக் வயரைப் பாவியுங்கள். போனிலும் லெப்டொப்பிலும் உள்ள மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான், ஆகவே லைன்-இன் துளை உள்ள மெஷின் வேண்டும். இல்லாவிட்டால் யூஎஸ்பீயில் கொழுவும் சின்ன ஒலி இணைப்பி, இரண்டு தடமும் எடுப்பது என்று கேட்டு வாங்குங்கள். முதலில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். சீ-60 ஒன்றுக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் போகும். குடும்பத்துக்கு அனுப்ப எம்பி3 பிரதி எடுக்கலாம். மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொகியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும். கோப்பின் பெயரில் யார், யாருக்கு, எந்த வருடம் என்று யூனிகோட் தமிழில் எழுதுங்கள்.

டெக்கில் போடுவதற்கு முன், கெசட்டின் பின் ஓரத்தில் மூலைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறி ரெக்கோட் பொத்தானை அமத்தினாலும் அது இறங்காது.